காய்ச்சக்காரர் பாதை

சாயங்காலம் பூங்காவில் நடக்க ஏன் வருவதில்லை என்று நீங்கள் எல்லாரும் என்னிடம் கேட்டு அலுத்துவிட்டீர்கள். முழங்கால் வலி என்றேன்; நம்மில் யாருக்கு முழங்கால் வலி இல்லை என்றீர்கள். பனி ஒத்துக்கொள்ளாது என்றேன். காதில் துணியைக் கட்டிக்கொள் என்றீர்கள். மேடு பள்ளம் இல்லாத பாதை, மணல் பரப்பியிருக்கிறது, அங்கங்கே உட்கார பெஞ்சு, நடுவில் அல்லிக்குளம், நம்மைப் போன்ற கிழங்களுக்கென்றே போட்டதுபோல் இருக்கிறது என்று ஆசை காட்டினீர்கள். எல்லாம் நிஜம்தான். ஒருநாள் வந்தும் பார்த்தேன். குளத்து ஓரம் வந்ததும் என் கால் நின்றுவிட்டது. மயக்கமோ என்று பயந்து ஜட்கா பிடித்து என்னை வீட்டுக்கு அனுப்பிவைத்தீர்கள்.

மயக்கம் இல்லை. என்ன என்பதை எழுதிவிடுகிறேன். நம் வயதுக்காரர்களுக்குத்தான் இது சரியாகப் புரியும். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது காய்ச்சல் எதனால் வருகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது, துரைக்கும் தெரியாது, சாமியாருக்கும் தெரியாது. தெரியாமலே எல்லாரும் வைத்தியம் செய்தார்கள்.

எங்கள் ஊர் ராயப்பன்பட்டி. உத்தமபாளையத்துக்குக் கிழக்கே செம்மண்ணும் கரடுமாகக் கிடக்கும் ஊர். அப்பாவை அய்யா என்றும் அம்மாவை ஆத்தா என்றும்தான் எங்கள் பக்கம் கூப்பிடுவோம். அய்யா மரவேலை செய்பவர். ஏர், வண்டி, கதவுநிலை எல்லாம் செய்வார். மழை தவறி, ஊரில் யாரும் புது வண்டி கட்டாத வருஷம் அது. மேற்கே மலைக்கு அந்தப்புறம் பெரியாற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அணைக்குச் சாமான் ஏற்றிப்போகும் வண்டிகள் மலையேற்றத்தில் அச்சு முறிந்தும் சக்கரம் கழன்றும் மலையடியில் குவிந்து கிடந்தன. பழுதுபார்க்க ஆள் வேண்டுமென்று சொல்லி அனுப்பினார்கள். இன்று லோயர் கேம்ப் என்கிறார்களே, அந்த இடம்தான். தை பிறந்ததும் அய்யா ஆத்தாவையும் அக்காவையும் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

அக்காவுக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை எங்கள் அத்தை மகன்தான். ஈஸ்டர் கழிந்ததும் மாதா கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்துக் கல்யாணம் என்று ஏற்பாடு. எனக்கும் அவளுக்கும் இடையில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் அவளுக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகம். பாதி அக்கா, பாதி ஆத்தா என்று சொல்லலாம்.

அவளை நினைத்தால் முதலில் அவள் நடைதான் ஞாபகம் வருகிறது, முகம் பிறகுதான். தலையில் கூடையோடு உத்தமபாளையம் சந்தைக்குக் கிளம்பினால் கூடப் போகிறவர்கள் எல்லாம் பின்னால் நின்று கூப்பிடுவார்கள். அவள் பாதம் அகலமானது, அடியில் காய்ப்புக் காய்த்து முள்ளே இறங்காது. அன்று கேம்புக்குப் போகும்போதும் கம்பம் தாண்டியதும் வண்டியிலிருந்து குதித்து இறங்கி, கூடலூர் வரைக்கும் மாட்டுக்கு முன்னால் நடந்தாள். ஏறிக்கொள் என்று அய்யா சொல்லிக்கொண்டே வந்தார். மாடு பாவம் அய்யா என்றாள்.

கேம்பு என்பது ஊர் இல்லை. ஓலைக் கொட்டகைகள் வரிசையாக நிற்கும், அதற்குள் ஜனம். மலையாளத்துக்காரர்கள் மரம் அறுத்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் மண் சுமந்தார்கள். தலைக்குமேல் கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு சாமான் மலைக்கு ஏறும். பொழுதுக்கும் அதன் கிறீச்சென்ற சத்தம் காதில் இருந்துகொண்டே இருக்கும். சுண்ணாம்புத் தூள், யானைச் சாணம், புதிதாக அறுத்த தேக்கு, இந்த மூன்றின் வாசனையும் கலந்து சோற்றில்கூட ஏறியிருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. அய்யாவின் பட்டறையில் இழைப்புளி சீவித் தள்ளிய மரச் சுருள்களைப் பொறுக்கிக் காதில் மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

மாசியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் குளிருகிறது என்றாள். வெளியே வெயில் கொளுத்துகிறது. வீட்டில் இருந்த போர்வை, சேலை, சாக்கு எல்லாவற்றையும் அவள்மேல் போட்டு, அதற்கும் மேலே என்னைப் படுக்கச் சொன்னாள் ஆத்தா. அக்கா நடுங்கிய நடுக்கத்தில் நானும் சேர்ந்து ஆடினேன். அப்புறம் அடுப்பு மாதிரி உடம்பு கொதித்தது. அப்புறம் தொப்பலாக வேர்த்தது. மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து வீடு பெருக்கினாள். அதற்கு மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் குளிர். முறைக்காய்ச்சல்.

கேம்பு ஆஸ்பத்திரியில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். மதுரைக்காரர், நல்ல மனுஷர். கொயினா என்ற கசப்பு மருந்தைத் தன் கையாலேயே அக்கா வாயில் ஊற்றிவிட்டு, அவள் முகம் சுளிப்பதைப் பார்த்துத் தானும் முகம் சுளிப்பார். மருந்து வேலை செய்தது. காய்ச்சல் விட்டது. ஆனால் அக்காவின் கால் அவள் காலாக இல்லை. முட்டி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அத்தை ஊரிலிருந்து வந்து பார்த்தாள். கல்யாணத்துக்குள் பெண் கொஞ்சம் தேறி வரட்டும் என்று ஆத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் அய்யாவை அறுத்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அந்தப் பாதை போட்டார்கள். சாமான் கொட்டகைக்குப் பொறுப்பாக ஒரு சின்னதுரை இருந்தார். இளவயது, அவரும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்தான். நோயாளிகள் கொட்டகை இருட்டில் சுருண்டு கிடப்பதைப் பார்த்து, சீமையில் பெரிய பட்டணங்களில் இப்படிப்பட்டவர்கள் மெல்ல நடப்பதற்கென்றே தோட்டம் போட்டுப் பாதை வைத்திருப்பதாகவும், நல்ல காற்றில் தினமும் நடந்தால் இரத்தம் ஊறும் என்றும் கம்பவுண்டரிடம் சொன்னாராம். கம்பவுண்டருக்கும் அது சரியென்று பட்டது. கேம்புக்குத் தெற்கே மலையிலிருந்து ஓர் ஓடை இறங்கும். அதன் கரையோடு முள்வெட்டி, கல் பொறுக்கி, மேட்டைச் சீவிப் பள்ளத்தில் போட்டு, மணல் கொட்டி, நாவல் மரமும் புங்க மரமும் நிழல் கவிந்திருந்த இடமாகப் பார்த்து வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள். குழந்தைகூடத் தடுக்கி விழாது. காய்ச்சக்காரர் பாதை என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள்.

அய்யா யாரும் கேட்காமலே வேலைக்குப் போனார். வண்டி வேலை முடிந்தபிறகு, முறிந்த அச்சுகளையும் வீணாய்ப்போன பலகைகளையும் எடுத்துவந்து பெஞ்சு செய்தார். காய்ச்சக்காரருக்கு முதுகு நிற்காது என்று ஒவ்வொன்றுக்கும் சாய்மானம் வைத்தார். அக்கா உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொன்ன உயரம்தான் எல்லாப் பெஞ்சுக்கும். அவளுக்கென்று வேங்கை மரத்தில் ஒரு கைக்கம்பும் செதுக்கினார். பிடியில் கிளிமூக்கு. அக்காவுக்கு அது கூச்சமாக இருந்தது, கிழவி மாதிரி இருக்கிறது என்றாள். ஆனாலும் அவருக்காகப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் நாங்கள் கிளம்புவோம். பாதையில் எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். கேம்புக்கு அரிசி கொண்டுவந்து விற்ற கம்பத்து ராவுத்தர் ஒருவர் காய்ச்சலில் விழுந்து அங்கேயே தங்கியிருந்தார். பெரிய உருவம் வற்றி, சட்டை தோளில் தொங்கும். அக்காவை மகளே என்றுதான் கூப்பிடுவார். அவர் மடியில் எனக்கு எப்போதும் இரண்டு பேரீச்சம்பழம் இருக்கும். மரம் அறுக்கும் மலையாளத்துக்காரர் ஒருவர் யார் எதைச் சொன்னாலும் "சாரமில்ல, சாரமில்ல" என்பார்; பரவாயில்லை என்று அர்த்தமாம். அவர் போனதும் அக்கா அதே குரலில் சொல்லிக் காட்டுவாள். சிரிக்கும்போது அவளுக்கு மூச்சு வாங்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்து அய்யா நிற்பார். பிள்ளை தேறுகிறாள் என்று அவர் முகத்திலேயே எழுதியிருக்கும்.

பங்குனி வெயிலில் ஓடை சுருங்கியது. நூல்போல ஓடிக் கல்லிடுக்கில் மறைந்துபோயிற்று. ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அக்கா, தண்ணி இல்லாமல் இந்த இடம் என்னமோபோல இருக்கிறதய்யா என்றாள். சும்மா சொன்னதுதான். மறுநாளே அய்யா பலகையும் களிமண்ணும் கொண்டுபோய், ஓடையைக் குறுக்கே இரண்டு மூன்று இடத்தில் அடைத்துவிட்டார். கொஞ்ச நாளில் பெஞ்சுக்கு முன்னால் சின்னச் சின்னக் குளமாகத் தண்ணீர் நின்றது. ராவுத்தர் தன் வண்டிக்காரனிடம் சொல்லிக் கூடலூர்க் கண்மாயிலிருந்து அல்லிக்கிழங்கு கொண்டுவந்து போடவைத்தார். அது இலை விட்டுப் படர்ந்தது. சின்னதுரை வந்து பார்த்துவிட்டு அய்யாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். துரை தன் கையைத் தொட்டதை அய்யா வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் சொன்னார், பட்டறையில் சொன்னார், வண்டிக்காரர்களிடம் சொன்னார்.

அந்தக் குளத்தோரம் உட்கார்ந்திருந்த சாயங்காலங்களைப்போல் அழகானவை என் ஆயுசில் பிறகு வரவில்லை. அதை ஒப்புக்கொள்ளாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. வெளிச்சம் போகும்போது தண்ணீர் செம்பு நிறமாகும். நாவல் கிளையில் மரங்கொத்தி தட்டும். காற்றே இருக்காது. அப்புறம் கொசு வரும். ரீங்கென்று காதோரம் கூட்டமாகப் பாடும். ராவுத்தர் தோள்துண்டால் விசிறிக்கொள்வார். நாங்கள் கையை வீசிக்கொண்டு, காலைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். கொசு எந்த ஊரில்தான் இல்லை? சின்னதுரையின் கட்டிலுக்கு வலை கட்டச் சட்டம் போட்டுக்கொடுத்துவிட்டு வந்த அய்யா, துரைமார்களுக்குத் தோல் மெல்லிசு என்று சொல்லிச் சிரித்தார்.

காய்ச்சல் திரும்பி வந்தது. அக்காவுக்கு மட்டுமில்லை, பாதையில் நடந்தவர்களில் நிறையப் பேருக்கு. நோய் விட்டுப்போனவர்கள்தான் அங்கே நடந்தார்கள். அவர்களுக்கே மறுபடியும் மறுபடியும் வந்தது. அப்போதாவது யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று இன்று எளிதாகக் கேட்டுவிடலாம். அவர்கள் அதற்கு வேறு கணக்கு வைத்திருந்தார்கள். போதுமான அளவு நடக்கவில்லை என்றார் கம்பவுண்டர். தினமும் கொஞ்சம் கூட நடக்கச் சொன்னார். பாதையை இன்னும் உள்ளே நீட்டினார்கள். அய்யா இன்னும் இரண்டு பெஞ்சு செய்தார். இன்னும் ஓர் இடத்தில் ஓடையை அடைத்தார்.

ராவுத்தரை அவர் மகன்கள் வந்து கம்பத்துக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது தூக்கித்தான் வண்டியில் வைத்தார்கள். பத்தே நாளில் ஆள் தேறிவிட்டார் என்று அவருடைய வண்டிக்காரன் வந்து சொன்னான். கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறாராம். மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எங்கள் வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள், காடும் ஈரமுமான அந்த இடம் வேண்டாம் என்று சொல்லி, காலி வண்டியையே அனுப்பியிருந்தார்.

ஆத்தா அன்று அய்யாவிடம் பேசியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. அவள் அவரிடம் குரல் உயர்த்துகிறவள் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"இங்கன இருக்க வேணாங்க. இந்தத் தண்ணி நமக்கு ஒத்துக்கல. வண்டி வந்து நிக்குது, பிள்ளையக் கூட்டிட்டு நான் போறேன். கம்பத்துல இல்லாட்டி நம்ம ஊருக்கே போயிர்றேன்."

"அங்கன என்ன இருக்கு? கொயினா இருக்கா? கம்பவுண்டர் இருக்காகளா? ராவுத்தருக்கு நெய்யும் கறியுமா உடம்புல ஊறிக் கெடந்துச்சு, எந்திரிச்சுட்டாரு. நம்ம பிள்ளைக்கு என்ன இருக்கு?"

ஆத்தா வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாள்.

"ஒரு ராத்திரியில காச்ச கூடுச்சுன்னா அங்கன யாரத் தேடிப் போவ? பிள்ள தேறிட்டு வர்றா. நடக்கிறா. நான் கண்ணால பாக்கிறேன்ல?"

வண்டி காலியாகவே திரும்பிப் போயிற்று. அய்யா சொன்னதில் எதுவும் அப்போது தப்பாகத் தெரியவில்லை. மருந்து அங்கேதான் இருந்தது. வைத்தியம் தெரிந்த மனுஷர் அங்கேதான் இருந்தார். நான்கூட, பேரீச்சம்பழம் போய்விட்டதே என்றுதான் நினைத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம். அக்காவுக்குக் காய்ச்சல் விட்டிருந்த நாள். அய்யா பட்டறையில், ஆத்தா ஓடையில் துவைத்துக்கொண்டிருந்தாள். நானும் அக்காவும் பாதையில் கிளம்பினோம். முதல் பெஞ்சு வந்ததும் அக்கா உட்காரவில்லை. இந்தப் பாதையில் நடந்து நடந்து கால் செத்துப்போச்சு என்றாள். பாதைக்குப் பின்னால் பாறையோடு செங்குத்தாக ஒரு பழைய தடம் மேலே ஏறும். மலையில் மாடு மேய்க்கிறவர்கள் போகிற ஒற்றையடித் தடம். அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வாடி, ஏறிப் பாப்போம்."

ஏறினோம். நான் கையை ஊன்றி ஏறினேன். அவள் கம்பை ஊன்றி, நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினாள். உதடு வெளுத்துவிட்டது. திரும்பிவிடலாம் என்றேன், தலையை ஆட்டிவிட்டு ஏறினாள். மரங்கள் குறைந்தன. திடீரென்று வெட்டவெளி, ஒரு பெரிய மொட்டைப் பாறை, அதன்மேல் காற்று. அப்படி ஒரு காற்று! கேம்புக்கு வந்த நாளிலிருந்து எங்கள்மேல் படாத காற்று. அக்காவின் முந்தானையைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது.

கீழே பள்ளத்தாக்கு முழுவதும் கிடந்தது. காய்ந்த கண்மாய்கள் ஓட்டாஞ்சில்லுகள் மாதிரி தெரிந்தன. ஆற்றோரத்தில் மட்டும் ஒரு பச்சைக் கோடு. தூரத்தில் கிழக்கு மலையின் அடியில் தூசியாக இருந்த ஓர் இடத்தைக் காட்டி, அங்கன பாரு, நம்ம ஊரு என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன். கோயில் தெரியுதா என்றாள். அதுவும் தெரிகிறது என்றேன். அவள் பாறையில் மல்லாந்து படுத்து, கையையும் காலையும் பரப்பிக்கொண்டாள். கல் சுடவில்லையா என்று கேட்டேன். சுடட்டும் என்றாள். ரொம்ப நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:

"இங்கனயே ஒரு குச்சு கட்டி இருந்துக்கிட்டா எனக்குக் காச்சயே வராதுடி."

விளையாட்டுப் பேச்சு. எதைக் கண்டு சொன்னாளோ, வெறுமனே சொன்னாளோ. அந்த மனுஷக் கூட்டத்தில் சரியான வார்த்தையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான் என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இறங்கும்போது அவள் முன்னால் போனாள். பழைய நடை. பாறைக்குப் பாறை காலைச் சரியாக வைத்து, என் கையையும் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வீட்டுக்கு வந்து கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். ஆத்தா பூரித்துப்போனாள். அய்யா வந்தார். மூலையைப் பார்த்துவிட்டு, கம்பு எங்கத்தா என்று அக்காவிடம் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். இறங்கும்போது தேவைப்படாததால் மேலே பாறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அப்படித்தான் நாங்கள் ஏறினது தெரிந்துபோயிற்று.

அய்யா அடிக்கவில்லை. அக்காவின் காலடியில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, காய்ச்சல் உடம்போடு ஏற்றம் ஏறலாமா, இரத்தம் சுண்டிப்போகாதா, உனக்காக இத்தனை மெனக்கெட்டுச் சமதளமாகப் பாதை போட்டிருக்கிறதே என்று கேட்டார். இனிமேல் ஏற மாட்டேன் என்று அக்கா சொன்னாள்.

மறுநாள் காய்ச்சல் வந்தது. ஒன்றுவிட்ட நாள் முறைப்படி அன்றுதான் அது வரவேண்டிய நாள். ஆனால் அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்? மலையேறினாள், காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் அவ்வளவுதான் தெரிந்தது. கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார். அக்கம்பக்கத்துக் கொட்டகைகளில் பேசிக்கொண்டார்கள். ஆத்தா அன்று சாயங்காலம் அடுப்பை ஊதிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "நீயாச்சும் வேணாம்னு சொல்லிருக்கலாம்ல" என்றாள்.

அந்தக் காய்ச்சல் முறைக்கு அடங்கவில்லை. இடைவெளி இல்லாமல் அடித்தது. கொஞ்சம் தணிந்த நாட்களில் அய்யா அவளைத் தன் தோளில் சாய்த்துப் பாதைக்குக் கூட்டிப்போனார். நடக்க முடியாமல் போனபோது தூக்கிக்கொண்டுபோய்க் குளத்தோரப் பெஞ்சில் உட்காரவைத்தார். சாயங்காலக் காற்று படட்டும் என்று. பொழுது அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவள் காலில் உட்காரும் கொசுவை ஒவ்வொன்றாகக் கையால் ஓட்டுவார். அவள் தூக்கம் கலையக்கூடாது என்று.

ஈஸ்டர் வந்தது, போயிற்று. சித்திரையில் ஒருநாள் அக்காவுக்கு நீர் கறுப்பாகப் போயிற்று. கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, அய்யாவை வெளியே கூப்பிட்டார். அதற்குப்பின் அவர் கொயினா கொடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம், கம்பிக் கயிறு தலைக்குமேல் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா போய்விட்டாள். தண்ணீர் கேட்டாள்; ஆத்தா கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆத்தா கெஞ்சினாள். சித்திரை வெயிலில் அவ்வளவு தூரம் முடியாது என்றார்கள். அடக்கத்துக்குக் கோயில் சாமியார் கிடைக்கவில்லை. ஜெபம் சொல்லத் தெரிந்த ஒருவர் சொன்னார். பெட்டி செய்ய அய்யாவால் முடியவில்லை. உளியைக் கையில் எடுப்பார், வைத்துவிடுவார். மரம் அறுக்கும் அந்த மலையாளத்துக்காரர்தான் செய்து கொடுத்தார். அன்று அவர் தன் வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை. கேம்புக்கு மேற்கே, காய்ச்சலில் போனவர்களைப் புதைத்த மண்ணில் அவளையும் வைத்தோம். அந்த இடத்துக்குச் சுவரும் கிடையாது, கல்லும் கிடையாது. அய்யா ஒரு மரச்சிலுவை நட்டார். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தபோது கறையான் தின்றிருந்தது. அதற்கடுத்த முறை இடமே அடையாளம் தெரியவில்லை.

பிறகு அணை முடிந்தது. மலையைக் குடைந்து தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. அதைப் பார்க்கப் பள்ளத்தாக்கே திரண்டு போயிற்று. வெள்ளம் இறங்கிய வேகத்தில் ஓடை ஆறாகி, பாதையையும் பெஞ்சுகளையும் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை. காய்ந்து கிடந்த வயல்களில் நெல் விளைந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் தண்ணீர் கொண்டுவந்த துரைமாரை வாயார வாழ்த்தினார்கள். அத்தை மகன் வேறிடத்தில் கல்யாணம் செய்துகொண்டு நாலு பிள்ளைகளோடு நன்றாக இருந்தான். அய்யா மறுபடியும் ஏரும் வண்டியும் செய்தார். பெஞ்சு மட்டும் செய்வதில்லை. யார் கேட்டாலும் மரம் இல்லை என்று சொல்லிவிடுவார்.

ஆத்தா என்னைத் திட்டியதில்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சோறு போட்டாள், படிக்க அனுப்பினாள், எனக்கு வேலை கிடைத்தபோது மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஆனால் அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்பாள்: அன்றைக்கு அந்த மலை ஏறாமல் இருந்திருந்தால். அப்போது அவள் கண் என் பக்கம் வராது. வராமல் இருப்பதற்காக அவள் படும் சிரமம் எனக்குத் தெரியும்.

நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியாரம்மாவாக இருந்த காலத்தில், சுகாதார இலாகாவிலிருந்து ஒருவர் வந்தார். சின்னப் பையன். கையில் பெரிய படங்களைச் சுருட்டி வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டிவைத்துக் காய்ச்சலைப் பற்றிப் பேசினான். ஒரு படத்தில் கொசு, ஆள் உயரத்துக்கு. இன்னொரு படத்தில் தேங்கின தண்ணீரில் நெளியும் புழு. பொழுது சாயும்போது கடிக்கிற கொசுதான் காய்ச்சலை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிறது என்றான். பின்வரிசையில் கிழவர்களோடு உட்கார்ந்திருந்த அய்யா எழுந்து நின்றார். கூட்டத்தில் வாய் திறக்கிறவர் இல்லை அவர்.

"தம்பி, ஓடுற தண்ணியிலயும் அது வருமா?"

"வராதுங்க பெரியவரே. ஓடுற தண்ணியில முட்டை நிக்காது. மறிச்சுக் கட்டி, அசையாம நிக்கிற தண்ணியிலதான் வரும்."

சரிங்க தம்பி என்று சொல்லி அய்யா உட்கார்ந்தார். கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். எல்லாரும் போனபிறகு, அந்தப் பையன் படங்களைச் சுருட்ட உதவி செய்தார். வீட்டுக்கு வந்தோம். என்ன சொன்னாக என்று ஆத்தா கேட்டாள். கொசுவப் பத்திச் சொன்னாக என்றார். சோற்றில் கை வைத்தார், எழுந்துவிட்டார்.

அவர் ஆத்தாவிடம் சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தைதான். மலை ஏறினதால் இல்லை என்று சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அடுத்த வார்த்தையையும் சொல்லியாக வேண்டும். என்னாலும் முடியவில்லை. அந்த மனுஷரின் கையைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. எங்கள் இருவருக்கும் தெரியும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் அதற்குப்பின் ரொம்ப வருஷம் இருந்தோம்.

ஆத்தா கடைசியாகப் படுத்தது ஒரு கார்த்திகையில். சாமியார் வந்து சாகிறவர்களுக்குச் செய்யும் அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனபின், மத்தியான வெளிச்சம் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. அய்யா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆத்தா என் கையைத் தேடிப் பிடித்தாள். பிடித்துவிட்டு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அன்னைக்கு நீ அவள மேல கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தா, இருந்திருப்பால்ல?"

அய்யா என்னைப் பார்த்தார். நிலையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன.

"ஆமாத்தா," என்றேன்.

ஆத்தா தலையை அசைத்தாள். உன் மேல கோவமில்ல என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.